காப்பரிசியும் சப்பரமும்

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் திருவையாற்றுப் பக்கத்தில் செய்யும் காப்பரிசிக்கு அடுப்பே வேண்டியதில்லை. ஓர் உழக்குப் பச்சரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். பொடித்த வெல்லம், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், பொட்டுக்கடலை, வறுத்த எள், மணத்துக்கு ஏலம். பிசறினால் முடிந்தது. வெல்லத்தின் அளவு பற்றி வீட்டுக்கு வீடு சண்டை உண்டு; அரிசியில் பாதி என்பது எங்கள் கட்சி. மறுநாளைக்கு நிற்காத பண்டம். ஆகவே படித்துறையில் எதிர்ப்படுவோர் கைகளிலெல்லாம் ஒரு பிடி வைத்துவிடுவது வழக்கம்.

பிள்ளைகளின் கைவேலை சப்பரம். மூங்கில் பிளாச்சில் கூடு, சோற்றுப் பருக்கையால் ஒட்டிய வண்ணத்தாள், உள்ளே ஒரு சாமி படம், அடியில் மரச்சக்கரம். கயிறு கட்டி ஆறுவரை இழுத்துப் போவார்கள். (கடையிலும் கிடைக்கிறது. சற்றே கோணலாக நிற்கும் வீட்டுச் சப்பரம்தான் எங்களுக்குப் பிடிக்கும்.)

2012இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 17 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆடிப் பதினெட்டன்று காவிரியில் மணல்தான். அடிகுழாயில் நீர் பிடித்துப் படையலிட்டோம். ஆண்டுதோறும் எங்களுக்குப் பச்சரிசி தரும் நண்பர் குறுவைக்கு நாற்றங்காலே விடவில்லை. அரிசி மட்டும் வழக்கம்போல் கொடுத்தனுப்பியிருந்தார். படித்துறையில் அவர் கையிலும் ஒரு பிடி வைத்தோம். மென்றுகொண்டே, "இன்னைக்கு அணை மட்டம் எவ்வளவு போட்டிருக்கான் சார்?" என்றார். நாளிதழில் பார்த்ததைச் சொன்னோம். மேற்கொண்டு பேச்சில்லை. மணலில் சக்கரம் உருளாது. பிள்ளைகள் சப்பரங்களைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.