ஊற்றின் கணக்கு

சுரங்க நில அளவையாளனாக வேலையேற்று, 1988ஆம் ஆண்டில் குடும்பத்துடன் தன்பாத் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தேன். இன்று ஜார்க்கண்டில் உள்ள அம்மாவட்டம் அன்று பீகாரைச் சேர்ந்திருந்தது. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சால மரங்கள் நின்ற மேட்டுச் சரிவில், கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. எங்கள் குடிநீர் அதுவே. நாள்தோறும் அதனைக் கொணர்ந்து தந்தவர், அருகிலிருந்த சந்தால் சிற்றூரைச் சேர்ந்த முதிய மாது. நாங்கள் அவரை ‘மௌசி’ என்போம். அவர் என்னை ‘பாபு’ என்பார்.

1993ஆம் ஆண்டு ஒரு மாலை மௌசி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, “பாபு, முன்பெல்லாம் ஒரு பாட்டுப் பாடி முடிக்குமுன் குடம் நிறைந்துவிடும். இப்போது மூன்று பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது” என்றார். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அடுத்த கோடையில் ஊற்று நின்றுவிட்டது.

காரணம் அறியாதவனல்லன் நான். மழைநீர் மணற்பாறையினூடே இறங்கி, நீர் எளிதில் புகாத களிப்பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவிலே ஊற்றாக வெளிப்படுகிறது. நிலத்தடியில் நிலக்கரி வெட்டுவோர், கூரையைத் தாங்குதற்பொருட்டு நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பர். பின்னர் அத்தூண்களையும் எடுத்துக்கொண்டு, வெற்றிடத்தை மணலிட்டு நிரப்பாது விட்டால், கூரை இடிந்து வீழும், பிளவுகள் மேல்நோக்கிப் படரும், களிப்பாறை உடையும். ஊற்றுக்குரிய நீர் சுரங்கத்துள் இறங்க, பம்புகள் அதனை இறைத்து ஓடையிற் கொட்டும். எங்கள் மேட்டின் அடியில் தூண் எடுக்கும் வேலை 1992ஆம் ஆண்டிலேதான் தொடங்கியிருந்தது.

ஊரார் முறையிட்டனர். “முன்பு எவ்வளவு நீர் வந்தது? இவ்வாண்டு மழையும் குறைவன்றோ?” என்று அதிகாரி வினவினார். விடை சொல்வார் இல்லை. மௌசியின் பாட்டுக் கணக்கை எவர் சான்றாக ஏற்பார்? நிலம் எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்பதற்கு என் அலமாரியிலே கட்டுக்கட்டாக ஏடுகள் இருந்தன. நான் அன்றாடம் பருகிய நீரைப் பற்றி ஒரு வரியேனும் அவற்றில் இல்லை. அவ்வூர்ப் பெண்கள் இரண்டு மைல் நடந்து நீர் சுமந்ததைக் கண்டபோதெல்லாம் நான் தலைகுனிந்தேன்.

சுரங்கம் இன்னும் எட்டாத மறுபக்கச் சரிவில் வேறோர் ஊற்று இருந்தது. அங்கே ஒரு குழாயைப் பதித்து, ஞாயிறுதோறும் பதினைந்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமுமாகச் சென்றேன். முப்பது நொடியில் வாளி நிறைந்தால் நிமிடத்திற்கு 30 லிட்டர், அவ்வளவே கணக்கு. அருகில் மழைமானி ஒன்றையும் வைத்தேன். தொலைவில், அடியில் வெட்டப்படாத நிலத்து ஊற்றொன்றையும் ஒப்பிட்டு வந்தேன். மழையும் ஈரூற்றுகளும் சேர்ந்து குறைந்தால் குறை பெரும்பாலும் வானத்தினுடையது. மழை குறையாமலிருக்க நம் ஊற்று மட்டும் குறைந்தால் நிலத்தடியைத்தான் ஐயுற வேண்டும். நீரின் தன்மையும் பேசும். நிலக்கரியிலுள்ள இரும்புக் கந்தகம் காற்றுப் பட்டு மாறுவதால், நீரில் சல்பேட் மிகும். வாய்க்காலில் செம்மஞ்சள் கறை படியும்.

இக்காலத்தில் சுரங்கங்களுக்கு அளிக்கப்படும் சுற்றுச்சூழல் அனுமதிகளில், மே, ஆகஸ்டு, நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறை நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கவேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறுகிறது. நன்றே. ஆயினும், இரு அளவுகளுக்கு இடையிலே ஓர் ஊற்று நின்றுபோகக்கூடும். அன்றியும், வெட்டத் தொடங்கிய பின் எடுக்கும் அளவு, நோய் வந்தபின் எழுதும் உடல்நலக் குறிப்புப் போன்றது. குறைந்தது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் முன்னதாகவே எழுதத் தொடங்கவேண்டும்.

ராணிகஞ்சிலும் சிங்கரேணியிலும் வாழும் நம் சங்கத்து அன்பர்களிடம் நான் வேண்டுவது இதுவே: பக்கத்து ஊராருடன் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, வாளி, நொடி, மழை என நான்கு கட்டங்கள் போதும்.

மௌசி இன்றில்லை. மறுபக்கத்து ஊற்றின் ஏட்டை இப்போது எழுதி வருபவள் அவருடைய பேத்தி.