கங்காபல் ஏரியில் தூண்டில்

காஷ்மீரத்துக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் தால் ஏரியில் படகேறி, குல்மார்க்கில் பனியைத் தொட்டுப் பார்த்து, சால்வை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். இன்னும் சில நாள் விடுப்பும், மலை ஏறும் கால் வலிமையும் உடைய அன்பர்கள் காணத்தக்க ஏரி ஒன்று உண்டு. ஹர்முக் சிகரத்தின் அடியில் கிடக்கும் கங்காபல் ஏரியே அது.

ஸ்ரீநகரிலிருந்து கந்தர்பல் வழியாக நாராநாக் வரை வண்டி செல்லும். பழைய சிவாலயங்களின் கற்கட்டடங்கள் சிதைந்து நிற்கும் அவ்வூரிலிருந்து ஊசியிலைக் காட்டினூடே செங்குத்தாக ஏறிப் புல்வெளிகளைக் கடந்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,570 மீட்டர் உயரத்தில் நீலநீர் தோன்றும். ஏரியின் நீளம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். அதிலிருந்து வழியும் நீர் சற்றுக் கீழேயுள்ள நுந்த்கோல் ஏரியை அடைந்து, பின்னர் ஓடையாய் இறங்குகிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் தம் முன்னோரின் அஸ்தியைக் கரைத்து வந்த புண்ணிய தீர்த்தமும் இதுவே.

இந்நீரில் புள்ளி படர்ந்த மேனியுடைய பழுப்பு ட்ரௌட் மீன் வாழ்கிறது. அது இந்நாட்டுக்கு உரிய மீன் அன்று. 1899-இல் பிரிட்டனிலிருந்து கப்பலேறிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்துக் காஷ்மீரத்து நீர்நிலைகளில் பெருகின. நம் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றதோ இதன் உறவான வானவில் ட்ரௌட்.

தூண்டில் பிடிப்போர் முதலில் ‘எந்த இரை?’ என்று வினவுவர். குளிர்நீர் ஏரியில் ‘மீன் எங்கே?’ என்பதே முதல் வினாவாதல் வேண்டும். மீனின் உடல் தன்னைச் சூழ்ந்த நீரின் வெப்பத்தையே பெறுவது. நீர் மிகக் குளிர்ந்தால் அதன் செரிமானமும் ஓட்டமும் மந்தப்படும். ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரிலே ட்ரௌட் சுறுசுறுப்பாக இரை தேடும். எனவே, பனி உருகி நீர் சில்லிட்டிருக்கும் காலை வேளையைவிட, வெயில் ஏறிக் கரையோரம் சற்றே வெதுவெதுப்பான பின்னரே தூண்டிலுக்குப் பயன் அதிகம்.

ஓடையில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நின்று, மிதந்துவரும் இரைக்குக் காத்திருக்கும். ஏரியில் ஓட்டம் இல்லாமையால் அது சுற்றித் திரிந்தே உண்ண வேண்டும். ஆயினும் அதன் வழித்தடங்களை ஊகிக்கலாம்: ஓடை ஏரிக்குள் புகும் வாய், நீர் வழியும் வாய், ஆழமற்ற திட்டு திடீரெனப் பள்ளத்தில் இறங்கும் விளிம்பு, மூழ்கிய பாறைகளின் நிழல், காற்று பூச்சிகளைத் தள்ளி ஒதுக்கும் கரை. தெளிந்த நீரில் வெளிர்நிறம் கருநீலமாக மாறும் கோட்டைக் கண்ணாலேயே காணலாம். அக்கோடே பள்ளத்தின் விளிம்பு.

இடம் அறிந்த பின் இரையைத் தேர்க. கரண்டிக் குழிபோல் வளைந்த தகடு ‘ஸ்பூன்’. இழுக்கும்போது சிறகு சுழல்வது ‘ஸ்பின்னர்’. இறகையும் நூலையும் கொண்டு பூச்சிபோல் கட்டியது ‘ஃப்ளை’. தெளிந்த நீருக்குச் சிறிய இரையும் மெல்லிய நரம்பும் ஏற்றவை. வெயிலில் மங்கிய செம்புநிறமும், மேகமூட்டத்திலும் கலங்கல் நீரிலும் வெள்ளிப் பளபளப்பும் நன்று. ஆழம் தெரியாவிடில், தகட்டை எறிந்து ஐந்து எண்ணிய பின் இழுக்க. அடுத்து பத்து, பின்னர் பதினைந்து. எந்த எண்ணில் மீன் கடித்ததோ அந்த ஆழத்தையே தொடர்க. குளிர்ந்த மீன் விரைந்து துரத்தாது. ஆதலின் மெல்ல இழுத்தல் வேண்டும்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இன்றித் தூண்டில் போடலாகாது. எந்நீரில் எவ்வகை இரைக்கு அனுமதி, எத்தனை மீன் கொள்ளலாம் என்பவற்றைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டறிக. இக்கட்டுப்பாடு வெறும் சடங்கன்று. ஆண்டில் பல மாதம் உறைந்து கிடக்கும் ஏரியில் இரை குறைவு. மீன் வளர்வதும் மெதுவே. ஒரு மாலையில் பத்துப் பேர் பை நிறைய எடுத்தால், அவ்விடம் நிரம்பப் பல ஆண்டு ஆகும். உண்பதற்கு ஒன்றிரண்டு போதும். ஏனையவற்றை, கையை நனைத்துப் பிடித்து, முள்ளை மெல்லக் கழற்றி நீரிலே விடுக. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். பிழைத்ததுபோல் நீந்திச் சென்றாலும் அது பின்னர் நோயுறக்கூடும்.

ஆடியும் ஆவணியும் செல்வதற்கு உகந்த மாதங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் கொள்ளுங்கள். கம்பளி ஆடையையும் மழைச் சட்டையையும் மறவாதீர்கள். கொண்டு சென்ற காகிதம், டப்பா முதலியவற்றைத் திரும்பக் கொண்டுவருவதும் நம் கடமையே.