வல்லை வெளியில் ஒரு சோதனை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை உண்டா என்று கேட்டால், "கீரிமலை உண்டே!" என்று விடை கூறுவோர் உளர். ஆயின், அங்கே சென்று பார்த்தவர் அறிவர். கேணி உண்டு, கடல் உண்டு, நகுலேஸ்வரர் கோயில் உண்டு, மலை மட்டும் இல்லை. பனைக்கு மேலே தலைநீட்டுவன கோயிற் கோபுரங்களே என்று சொல்லத்தக்க தட்டை நிலம் நமது நிலம். இந்நிலத்திலே ஓடும் பழைய டீசல் வான் ஒன்றுக்கு மேலும் வலுவூட்ட வேண்டுமா என்ற வினா அண்மையில் எமது வீட்டில் எழுந்தது. விடை காணும் பொருட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம்.

எமது வான் 'டொல்பின்' என்று ஊரார் அழைக்கும் டொயோட்டா ஹயஸ் வகையைச் சேர்ந்தது. வயது முப்பதைக் கடந்துவிட்டது. 2779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அதன் இயந்திரம், புதிதாய் இருந்தபோது ஏறத்தாழ 91 குதிரைவலு தந்தது. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இலேதான். இடைக்காலத்தில் பழைய வான்களின் விலை ஏறிய விதத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, இருப்பதைப் பேணுவதன்றி எமக்கு வேறு வழி இருக்கவில்லை.

எம் மகள் பேராதனையிலே படிக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 321 கிலோமீற்றர். நாவுலை தாண்டும்வரை கவலையில்லை. அதன் பின்னர் ஏற்றம் தொடங்குகிறது. சென்ற முறை அங்கே எமது வான் முனகி முனகி ஏற, பின்னால் வந்த லொறிகள் எல்லாம் ஒலியெழுப்பி எம்மை வைதன. அன்றிலிருந்து எம் மகனுக்கு உறக்கமில்லை. "அப்பா, டேர்போ ஒன்று பூட்டி, டீசல் பம்பையும் கொஞ்சம் கூட்டிவிட்டால் பறக்கும்" என்றான். அதற்குரிய பணமோ, மழைக்கு முன் கூரையோடு மாற்றுவதற்கென்று ஒதுக்கி வைத்தது.

கோப்பாய் கடந்து, நீர்வேலியின் வாழைத் தோட்டங்களைக் கடந்து, புத்தூர், ஆவரங்கால் வழியாகச் சென்றோம். செம்மண் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் இயந்திரங்களின் ஓசை காதில் விழுந்தது. அச்சுவேலிக்கு அப்பால் தோட்டம் மறைந்து வல்லை வெளி விரிந்தது. மரமில்லை, வீடில்லை, ஒருபுறம் நீர், மறுபுறம் உவர்நிலம். சோளகக் காற்று வீசும் காலம் அது. காற்று வானின் விலாவிலே மோதியதும் வேகம் குறைந்தது. மகன் மிதியைத் தரைவரை அழுத்தினான். 55 கிலோமீற்றருக்கு மேலே முள் நகரவில்லை. மினிபஸ் ஒன்று எம்மைக் கடந்து பாலத்தை நோக்கி விரைந்தது. "பார்த்தீர்களா?" என்றான் மகன். பின்னிருக்கையிலிருந்து எம் தாயார், "தம்பி, என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதுமடா, பறந்து சேர்க்கத் தேவையில்லை" என்றார்.

நெல்லியடிக்கு அருகே எமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஞாயிறென்றும் பாராது கராஜைத் திறந்தார். மகன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர் பழைய கதை ஒன்றைத் தொடங்கினார்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது, குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது அரிதாயிற்று. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், சொமர்செற், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் நம்மவர்களே. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால், சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அக்கார்களின் அழுத்த விகிதம் தாழ்ந்திருந்தமையால் அந்தத் தாழ்ந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. நோயாளரும் மணமக்களும் அக்கார்களிலே சென்றனர்.

"அந்த நாளிலை நாங்களும் எஞ்சினிலை கை வைச்சோம், தம்பி. ஆனால் ஓட்டத்துக்காக இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருறதுக்காக" என்றார் பெரியவர்.

பிறகு எமது வானிடம் வந்தார். எயார் ஃபில்ற்றரைக் கழற்றித் தட்டினார். செம்மண் தூள் கொட்டியது. மகனை மிதியை அழுத்தச் சொல்லிவிட்டுப் பம்பின் கையைப் பார்த்தார். மிதி தரையைத் தொட்டும் அது முற்றாகத் திரும்பவில்லை, இழுகம்பி தளர்ந்திருந்தது. நொசில்கள் நெடுங்காலம் சோதிக்கப்படாதவை. முன்சக்கரம் ஒன்றில் பிறேக் சற்றே பிடித்துக்கொண்டிருந்தது. "ஐயா, உங்கடை வானுக்குப் பலம் காணாமல் இல்லை, இருந்த பலம் களவு போயிருக்கு. முதலிலை அதைப் பிடிப்பம்" என்று சிரித்தார்.

மகன் விடுவானா? பம்பைக் கூட்டினால் என்ன என்று கேட்டான். பெரியவர் விளக்கினார். டீசல் இயந்திரத்தில் எரிவதற்கு எண்ணெயும் வேண்டும், காற்றும் வேண்டும். இந்த இயந்திரம் தானாக இழுக்கும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பம்பின் திருகாணியைத் திருப்பி எண்ணெயை மட்டும் கூட்டினால், சிறிதளவு வலு கூடும். எஞ்சியது கரும்புகையாகப் போகும். அப்புகையோடு பரிசோதனைக்குச் சென்றால் புகைச் சான்று கிடையாது. சான்றின்றி வருடாந்த அனுமதிப்பத்திரமும் கிடையாது. டேர்போ பூட்டினால் காற்றுக் கூடும் என்பது மெய்யே. ஆனால் இந்த இயந்திரத்தின் அழுத்த விகிதம் ஏற்கெனவே 22க்கு 1 அளவிலானது. டேர்போவுக்கென்றே ஆக்கப்பட்ட இயந்திரத்திலே பிஸ்டனை அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிரச் செய்யும் ஏற்பாடு முதலியன இருக்கும். அவை இல்லாத பழைய இயந்திரத்தில் நெடிய ஏற்றத்திலே வெப்பம் மிகுந்தால், சிலிண்டர்த் தலை வெடிக்கக் கூடும். அவ்வாறு வெடித்த தலை ஒன்றை மூலையிலிருந்து எடுத்துக் காட்டினார். மயிரிழை போன்ற ஒரு கீறல்தான். ஆயினும் அந்த வான் சொந்தக்காரர் ஒரு மாதம் உழைப்பின்றி இருந்தாராம்.

"ஓடுறதைக் கூட்டினால் நிற்கிறதையும் கூட்ட வேணும். பிறேக் பழசுதானே?" என்று அவர் கேட்டபோது மகன் வாய் திறக்கவில்லை.

மலைநாட்டில் நாள்தோறும் சுமையேற்றுபவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். அவர் டேர்போவோடு பிறந்த இயந்திரத்தை முழுமையாக மாற்றி, அதனைப் பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி பதிந்துகொள்வதே தக்கது. எமக்கோ ஆண்டில் இரண்டு முறை, அதுவும் கடைசி 50 கிலோமீற்றர் அளவுக்குத்தான் ஏற்றம். சட்டம் தரும் வேகமும் ஊருக்குள் 50, வெளியே 70. இவற்றுக்காகக் கூரையைத் திறந்தபடி விடுவதா?

பெரியவர் ஃபில்ற்றரை மாற்றி, இழுகம்பியை இறுக்கி, பிறேக்கைத் தளர்த்திவிட்டார். நொசில்களுக்கும் ரேடியேற்றருக்கும் பிறிதொரு நாள் குறித்தோம். பருத்தித்துறைக்குச் சென்று, கடற்கரையிலே அமர்ந்து, அவ்வூருக்கே பேர்போன தட்டை வடையைக் கடித்தபடி கணக்குப் பார்த்தோம். எல்லாம் சேர்ந்தும் டேர்போவின் விலையில் ஒரு சிறு பங்குதான். மகன் மட்டும், "கண்டி ஏற்றத்திலே பார்த்த பிறகு சொல்கிறேன்" என்றான். அதுவும் நியாயமே என்று ஒப்புக்கொண்டோம்.

மாலையில் மீண்டும் வல்லை வெளி. காற்று தணியவில்லை. வான் 65இல் சீராக ஓடியது. மகன் எம்மைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் பாட்டியார் அச்சுவேலி வருமுன்னரே உறங்கிவிட்டார்.