பத்துக்குப் பத்து! காஞ்சிபுரத்தில் ஒரு கால்பந்து சீசன்

காஞ்சிபுரம்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? பட்டுப்புடவை, கோயில், குடலை இட்லி, அறிஞர் அண்ணா வீடு... இந்த லிஸ்ட்டில் கால்பந்து எங்கேயாவது இருக்கா? இருக்காது! ஆனா, எங்க செட்டுக்குக் காஞ்சின்னா ஃபுட்பால்தான். அதுவும் ஜெயிச்ச ஃபுட்பால் இல்லை பாஸ், தோத்த ஃபுட்பால்!

நாங்க காஞ்சிபுரத்தில் காலேஜ் படிச்சது, சென்னையின் எஃப்.சி. அணி சரித்திரத்திலேயே மோசமா ஆடின காலம். 2018-19 ஐ.எஸ்.எல். சீசன். மொத்தம் 18 லீக் மேட்ச். ஜெயிச்சது 2, டிரா 3, தோத்தது 13. பாயின்ட் வெறும் 9. பத்து டீமில் பத்தாவது இடம். ப்ளஸ் டூவில்கூட எங்களில் யாரும் பத்துக்குப் பத்து வாங்கினதில்லை, எங்க டீம் வாங்கிருச்சு!

இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, அதுக்கு முந்தின சீசனின் சாம்பியனே நாங்கதான். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டார். ஹாஸ்டல் டி.வி. ரூமில் ஒரு பெருமூச்சு. அப்புறம் மெயில்சன் தலையால் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2, கப் நமக்கு! 2015-ல் கோவாவை அதே 3-2-ல் ஜெயிச்சது முதல் கப், இது ரெண்டாவது. ஹாஸ்டலில் அன்னிக்கு ராத்திரி ஆடின ஆட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவுட். அந்த உற்சாகத்தில்தான், 'அடுத்த சீசன் எல்லா ஹோம் மேட்சும் நேரா போய்ப் பார்க்கிறோம்'னு நாலு பேர் சத்தியம் பண்ணினோம். இப்ப நினைச்சா சிரிப்பா வருது!

காஞ்சியிலிருந்து நேரு ஸ்டேடியம் சுமார் 75 கிலோமீட்டர். திருமால்பூரிலிருந்து வரும் லோக்கல் ட்ரெயினில் ஏறினா வாலாஜாபாத், பாலூர், செங்கல்பட்டுன்னு ஊர் சுத்திக்கிட்டு பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து நடந்தா பெரியமேடு, ஸ்டேடியம். ஏழரை மணி மேட்சுக்கு மதியமே கிளம்பணும். எங்களுக்கு அட்டெண்டன்ஸ் பிரச்னைதான். ஆனா செட்டில் ஒருத்தனுக்கு அது தறிப் பிரச்னை.

அவன் பிள்ளையார்பாளையம். செட்டில் அவன் பேரே 'தறி'. வீட்டுக்குள்ள நுழைஞ்சா முன்கட்டிலேயே குழித்தறி. அவங்க அப்பா நெய்யுறது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டையும் ஒட்டுப் போடுறதில்லை, நெய்யும்போதே இழைக்கு இழை கோர்த்துக்கிட்டே வரணும். அதுக்கு மூணு நாடா. உடம்புக்கு ஒண்ணு, ரெண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொண்ணு. ஒத்தை ஆளா இதைச் செய்ய முடியாது. கரை நாடாவைத் தள்ளிவிட வலப்பக்கம் இன்னொரு ஆள் உட்காரணும். நம்ம தறிதான் அந்த இன்னொரு ஆள். அவன் மேட்சுக்கு வந்தா அன்னிக்கு அரை நாள் தறி நிக்கும். ஒரு புடவைக்கு ரெண்டு வாரம், மூணு வாரம் ஆகிற வீட்டில் அரை நாள் என்பது சில்லறை இல்லை. எங்களுக்கு டிக்கெட் காசுதான் செலவு. அவன் வீட்டுக்குக் கூலியும் சேர்த்துச் செலவு.

சீசன் ஆரம்பம் 2018 செப்டம்பர் 30. அதே பெங்களூரு, அதே கண்டீரவா. மிக்கு போட்ட ஒரே கோலில் தோல்வி. 'சரி, வெளியூர் மேட்ச்தானே'ன்னு ஆறுதல் சொல்லிக்கிட்டோம். அடுத்து சொந்த மண்ணில் கோவாவிடம் 1-3. அதுக்கப்புறம் வந்தது பாருங்க, நார்த் ஈஸ்ட் மேட்ச். நாங்க மூணு கோல் அடிச்சோம் சார், மூணு! அவங்க நாலு அடிச்சாங்க. ஒக்பெச்சே ஒருத்தரே ஹாட்ரிக். கோயம்பேட்டில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டிப் பொன்னேரிக்கரை திரும்புற வரைக்கும் நாலு பேரும் ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி ஒரு மணிக்குக் காஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. காந்தி ரோட்டில் பகல் பூரா கல்யாணக் கூட்டத்தை 'வாங்க, வாங்க'ன்னு இழுக்கிற பட்டுக்கடைகள் எல்லாம் ஷட்டர் இறங்கி, நாய்கள் மட்டும் நடுரோட்டில். காஞ்சியை அந்த நேரத்தில் பார்க்கணும் நீங்க. கோபுரம் எல்லாம் இன்னும் கொஞ்சம் உயரமான மாதிரி இருக்கும்.

அவங்க அப்பா முழிச்சிருப்பார். திண்ணையில் உட்கார்ந்துகிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். "ஜெயிச்சாங்களாடா?"

"இல்லப்பா."

"தோக்கறதுக்கு டிக்கெட்டு வேறயா?"

அவ்வளவுதான். திட்டு கிடையாது, அட்வைஸ் கிடையாது. ஆனா காலையில் அஞ்சரைக்கு மகனை எழுப்பிடுவார். விடியற்காலையில் அந்தத் தெருக்களில் பாவு நீட்டுவாங்க. தெரு நீளத்துக்கு நூல் கட்டி, இழை இழையாப் பார்த்துச் சரி பண்ணுவாங்க. வண்டி வாகனம் கிளம்புறதுக்குள்ள முடிக்கணும். கண்ணெல்லாம் சிவந்து, ஜெர்சியைக்கூடக் கழட்டாம நம்ம ஆள் அறுந்த இழையை முடிஞ்சுக்கிட்டு நிப்பான்.

ஏன் தோத்தோம்? இது எங்களுக்கு ஆராய்ச்சிப் படிப்பு மாதிரி. என் கணக்குப்படி முதல் காரணம் நடுக்களம். வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் அந்த சீசனே ஆடலை. தடுப்பாட்டத்தில் தூணா நின்ன செரீனோ கிளம்பிப் போயாச்சு. முன்னாடி, போன சீசனில் 9 கோல் போட்ட ஜெஜே, இந்த சீசன் லீகில் போட்டது ஒண்ணே ஒண்ணு. கோச் ஜான் கிரிகரி அதே ஆட்களை நம்பினார். நம்பினது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். கப் வாங்கிக் கொடுத்த ஆட்களை ரெண்டு மேட்சில் உட்கார வைக்கிற கோச்சை எனக்குப் பிடிக்காது. ஆனா டேபிள் அதையெல்லாம் பார்க்காதே!

எங்க ஆராய்ச்சிக் கூடம் கைலாசநாதர் கோயில் முன்னாடி இருக்கிற புல்வெளி. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டினது. ஏகாம்பரநாதர், வரதராஜர் மாதிரி கூட்டம் கிடையாது. மணற்கல், சாயங்கால வெயில், அமைதி. சோகமா உட்கார இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இருக்கான்னு தெரியலை.

ஒருநாள் செட்டில் இருந்த ஹிஸ்டரி மேஜர் ஒரு கதையை எடுத்துவிட்டான். காஞ்சிக்கும் கர்நாடகத்துக்கும் மேட்ச் ஏழாம் நூற்றாண்டிலேயே ஆரம்பமாம்! மகேந்திரவர்மன் காலத்தில் சாளுக்கியப் புலிகேசி காஞ்சி வாசல் வரை வந்து மிரட்டினான். மகன் நரசிம்மவர்மன் 642-ல் வாதாபிக்கே போய் ஜெயிச்சான். வாதாபி என்பது இன்றைய கர்நாடகத்தின் பாதாமி. சரியான 'அவே' வெற்றி! சுமார் நூறு வருஷம் கழிச்சு ரிட்டர்ன் லெக். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே நுழைஞ்சுட்டான். ஆனா ஊரைக் கொள்ளையடிக்கலை. இதே கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துட்டு, அதைக் கன்னடத்தில் கல்வெட்டா வெட்டிட்டுப் போனான். அந்தக் கல்வெட்டு இன்னிக்கும் கோயிலுக்குள்ள இருக்கு. எதிர் டீம் நம்ம ஹோம் கிரவுண்டில் கையெழுத்துப் போட்டுட்டுப் போன மாதிரி! அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டின விருபாட்சர் கோயிலில் இந்தக் கைலாசநாதரின் சாயல் இருக்கும்.

கதை முடிஞ்சதும் தறி கேட்டான்: "அப்ப பெங்களூருக்கு நம்ம ரிட்டர்ன் லெக் எப்போ?"

2019 பிப்ரவரி 9. அதுவரைக்கும் நாங்க ஜெயிச்சது ஒரே மேட்ச், அதுவும் புனேவில். சொந்த ஸ்டேடியத்தில் ஒண்ணுகூட இல்லை. சீட்டெல்லாம் காலி. 'பி ஸ்டாண்ட் புளூஸ்' பசங்க மட்டும் மேளத்தை விடாம அடிச்சுக்கிட்டிருந்தாங்க. எதிரில் பெங்களூரு. எங்க செட்டில் அன்னிக்கு வந்ததே ரெண்டு பேர்தான், நானும் தறியும். மத்தவங்களுக்கு இன்டர்னல்ஸ். 'போறதே வேஸ்ட்டு'ன்னு சொல்லிட்டாங்க.

ஜெஜே கோல் போட்டார். அந்த சீசனில் அவருடைய அந்த ஒண்ணே ஒண்ணு! கிரிகரி நெல்சன் இன்னொண்ணு. 2-1. விசில் அடிச்சதும் பக்கத்து சீட்டில் முன்னபின்ன தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். கடைசி இடத்து டீம் ஜெயிச்சதுக்கு அழுத ஆட்களை அன்னிக்குத்தான் பார்த்தேன். அதே பெங்களூருதான் அந்த சீசனின் சாம்பியன் ஆச்சு என்பது இன்னொரு வேடிக்கை.

திண்ணையில் அதே கேள்வி. "ஜெயிச்சோம்ப்பா!"ன்னு தறி கத்தினதில் பக்கத்து வீட்டில் லைட் எரிஞ்சது. அவர் ரெண்டு நிமிஷம் எங்களையே பார்த்தார். "இப்ப எத்தனாவது?"

"பத்தாவது."

"மொத்தம் எத்தனை பேரு?"

"பத்து."

எழுந்து உள்ளே போய்ட்டார். சிரிச்சாரான்னு இருட்டில் தெரியலை.

அந்தச் சந்தோஷமும் ஒரு வாரம்தான். பிப்ரவரி 15, கொச்சியில் கேரளாவிடம் 0-3. அவங்களும் அந்த சீசன் பூரா ரெண்டே மேட்ச்தான் ஜெயிச்சாங்க. அதில் ஒண்ணு எங்களோடதா இருக்கணுமா? ஹாஸ்டலில் இருந்த மலையாளப் பசங்க ஒன்பதாவது இடத்துக்குக் கேக் வெட்டினாங்க. ஏப்ரலில் சூப்பர் கப் ஃபைனல் வரைக்கும் போனோம். அங்கேயும் கோவாவிடம் 1-2.

அந்த ஜூலையில் காஞ்சியே தலைகீழா ஆச்சு. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும் அத்திவரதர். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல்ல சயனக் கோலம், ஆகஸ்ட் 1-லிருந்து நின்ற கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல வந்தாங்க. தெருத்தெருவா மனுஷத் தலை. தறி வீட்டுத் திண்ணையில் எங்கெங்கிருந்தோ வந்த சனம் படுத்துக் கிடந்தது. அதில் ஒரு பாட்டி 1979-லும் வந்தவங்க. "அப்ப கல்யாணமான புதுசு. அடுத்தது 2059-ல். நான் இருக்கமாட்டேன், நீங்க பார்ப்பீங்க"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டுத் தயிர்சாதத்தைப் பிரிச்சாங்க. தறி என் காதில், "அதுக்குள்ள நாம மூணாவது கப் அடிச்சிருவோம்ல?"ன்னு கேட்டான்.

கிட்டத்தட்ட அடிச்சிருப்போம். அடுத்த சீசனும் சொதப்பலாத்தான் ஆரம்பிச்சது. கிரிகரி போனார், ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல் போட, கடைசி வரிசையிலிருந்து கிளம்பி நேரா ஃபைனல்! 2020 மார்ச் 14, கோவா. கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத ஸ்டேடியம். ஏ.டி.கே.விடம் 1-3.

நாலு பேரும் சேர்ந்து பார்த்த கடைசி மேட்ச் அது. கொரோனாவில் கல்யாணங்கள் சுருங்க, பட்டு வாங்க ஆள் இல்லை, பல மாசம் தறி ஓடலை. நம்ம தறி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை அஞ்சு மணிக்கு நின்னு பாருங்க. ஒரு பக்கம் பாவு நீட்டுறவங்க. இன்னொரு பக்கம் தோளில் பை, கழுத்தில் ஐ.டி. கார்டோட கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பசங்க. பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைங்கதான். அவங்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. மாசம் பொறந்தா சம்பளம் வருது, பி.எஃப். இருக்கு. ஆனா கரை நாடா தள்ள ஆள் இல்லாம கோர்வைத் தறி நிற்கிறதையும் அங்கேயே பார்க்கலாம்.

2025 ஏப்ரலில் காஞ்சி போயிருந்தேன். தறிக்கு அன்னிக்கு ஷிஃப்ட். அப்பா மட்டும் இருந்தார். கோர்வையை விட்டுட்டு, ஒத்தை ஆளா நெய்யுற மாதிரி ரகத்துக்கு மாறியிருந்தார். கால் குழியில், கண் நூலில். நான் உட்கார்ந்ததும், திரும்பாமலேயே கேட்டார்.

"அந்த டீமு இன்னும் ஆடுதா தம்பி?"

"ஆடுதுப்பா."

"இந்த வருஷம் எத்தனாவது?"

"பதினொண்ணு."

"எத்தனை பேர்ல?"

"பதிமூணு."

நாடா ரெண்டு தடவை போய்ட்டு வந்தது. "பரவால்லயே. கீழ ரெண்டு பேரு இருக்கானே!"