வேப்பஞ்சேலை

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையத்தில் வேப்பிலை நடக்கத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ஆரணியாற்றங்கரையில், சங்கு சக்கரத்தோடு பாதித் திருவுருவமாய் எழுந்தருளியிருக்கும் பவானி அம்மனை, வேப்பங்கொத்துகளால் உடலை மூடிக்கொண்ட பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் ஈரம் சொட்டச் சொட்ட வலம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிராகாரமே ஒரு தோப்பு போலத் தோன்றும்.

ஜமதக்னி முனிவரின் பத்தினியான ரேணுகாதேவி தீயிலிருந்து மீண்டபோது, உடுத்தியிருந்த துணி எரிந்துபோக, வேப்பிலையையே ஆடையாகக் கொண்டாள் என்பது மாரியம்மன் தலங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மேனியில் எழுந்த கொப்புளங்களுக்கும் அதுவே குளிர்ச்சி தந்ததாம். ஒன்றுமே இல்லாத வேளையில் அன்னைக்குக் கிடைத்த உடை அது. ஆகவே இந்த நேர்த்திக்கடனில் பட்டுக்கும் பகட்டுக்கும் இடமே இல்லை. 1980ஆம் ஆண்டில் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. நம் வீட்டு வாசல்களில் செருகிய வேப்பிலையோ இன்னும் இறங்கவில்லை.

வட சென்னையில் ஒரு குடும்பம். எழுபத்தொரு வயது அம்மையார், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அரசு மருத்துவமனையில் ஆறு இரவுகள். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்த நான்காம் இரவில், வராந்தாவில் அமர்ந்திருந்த அம்மையார், பிள்ளை பிழைத்தால் வேப்பஞ்சேலை உடுத்தி மூன்று சுற்று வருவதாக வேண்டிக்கொண்டார். மருத்துவர்களின் கைராசியும் அன்னையின் கருணையும் சேர்ந்து பிள்ளை வீடு திரும்பினான்.

முதல் ஆடியில் அம்மையாரின் தமையனார் காலமாகித் தீட்டு வந்தது. இரண்டாம் ஆடியில் மகனுக்கு வேலை போயிற்று. மூன்றாம் ஆண்டு சித்திரையில் அம்மையாரே படுக்கையில் விழுந்து எழுந்தார். அதன்பின் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே சொல்தான்: "கடனோட என்னை அனுப்பிடாதீங்க."

மகன் எளிதாக ஒரு வழி சொன்னான். கோயில் வாசலிலேயே கட்டி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்றான். அதில் தவறேதும் இல்லை. அந்த விற்பனையால் அடுப்பெரியும் வீடுகளும் உண்டு. ஆனால் அம்மையார் இணங்கவில்லை. "வேண்டிக்கினது நானு. எவளோ ஒடிச்சு, எவளோ கட்டினதை நான் சுத்திக்கினு வந்தா, அது யாரு கடன்?" என்று கேட்டார். வேலையில்லாத வீட்டில், ஆடி ஞாயிற்றுக்கிழமை விலை என்ன சொல்வார்களோ என்ற கணக்கும் அவர் மனத்தில் இல்லாமல் இருந்திருக்காது. இரண்டு காரணமும் நேர்மையானவையே.

உண்மையான தடை மருமகளிடமிருந்து வந்தது. ஏற்றுமதி ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் தையல்காரி அவள். முந்தைய ஆண்டு அதே கோயிலுக்குத் தோழியரோடு சென்றிருந்தபோது, கூட்ட நெரிசலில் ஒரு மூதாட்டியின் இலையாடை கயிறு அறுந்து நழுவியதையும், சுற்றி நின்றவர்களில் ஒருவன் செல்பேசியை உயர்த்தியதையும் கண்டிருக்கிறாள். தன் துப்பட்டாவை எடுத்து அந்த அம்மாவைப் போர்த்தியவளும் அவளே. "உங்களை அப்படி ஒரு நிலையில நான் பார்க்க மாட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். பக்திக்குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இலையாடை வெட்கத்துக்குரியதாக என்றும் நம்மவர்க்கு இருந்ததில்லை. திருமுருகாற்றுப்படையை நாள்தோறும் பாராயணம் செய்வோர் அறிவர்: குன்றுதோறாடலில் நக்கீரர் காட்டும் மலைமகளிர் தழையாடை உடுத்தியவர்களே, அவர்களோடுதான் முருகப்பெருமான் கைகோத்து ஆடுகிறான். புறநானூற்றிலும் ஒக்கூர் மாசாத்தனார் பாடலில், இளமையில் தழையாடையாகி அழகு செய்த வெள்ளாம்பலே தன் கைம்மைக் காலத்தில் உணவாகியதை ஒரு பெண் நினைத்து நோகிறாள். ஆனால் அக்காலத்துக் குன்றத்தில் செல்பேசி இல்லை. மருமகளின் அச்சத்துக்குப் பழம்பாட்டு விடையாகாது.

அம்மையார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "நழுவாதபடி நீயே கட்டிக் குடேன்மா" என்றார். மருமகள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்தவள் அளவு நாடாவை எடுத்தாள்.

முதலில் உள்ளாடை. பெட்டியில் கிடந்த பழைய பருத்திப் புடவையிலிருந்து கணுக்கால்வரை ஒரு பாவாடையும் முழுக்கை இரவிக்கையும் தைத்து, கொதிநீரில் மஞ்சள்தூள் கரைத்து முக்கி எடுத்தாள். (அப்படி நனைத்த துணியைச் சோப்பு நீரில் போட்டால் சிவந்துவிடும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே காரணம்தான்.) இலை முழுவதும் உதிர்ந்தாலும் அம்மையார் முழு ஆடையில் நிற்பார். பாதி அச்சம் அத்தோடு தீர்ந்தது.

பிறகு இலை. முதல் ஒத்திகையில் மகன் வாங்கி வந்த நைலான் கயிறு தோற்றது. மதியத்துக்குள் காம்புகள் வாடிச் சுருங்க, வழுவழுப்பான கயிற்றிலிருந்து கொத்துகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. பருத்திக் கயிறு வாங்கி நனைத்துக் கட்டியதும் முடிச்சு இறுகியது. கொத்தின் கணுவுக்குக் கீழே முடிச்சு விழ வேண்டும் என்பதையும் அப்போதுதான் அவள் கண்டுகொண்டாள். கணு தடுத்து நிறுத்த, இழுத்தாலும் கொத்து வருவதில்லை. வேட்டித் துணியை மடித்துத் தைத்த மூன்று பட்டைகள்: இடுப்புக்கு 42 அங்குலம், அதன் கீழ் 48, முழங்காலருகே 54. அங்குலத்துக்கு ஒரு கொத்து என்று 144 கொத்துகள். பட்டைகளைப் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, கூரை வேய்பவர்கள் செய்வதுபோலக் கீழ் வரிசையை முதலில் கட்டி, மேல் வரிசை அதன் தலையை மூடும்படி ஏறிவந்தாள். தோளுக்கு ஈர்க்குகளை மட்டும் பூத்தொடுப்பதுபோலத் தொடுத்தாயிற்று. அது அம்மையாரின் கைவேலை. நெடுங்காலமாகப் பூக்கட்டிய விரல்கள். அளவு நாடா தேவைப்படவில்லை.

வீட்டிலிருந்த வேம்பு கால்வாய்ப் பணிக்காக வெட்டப்பட்டு வெகுகாலம் ஆயிற்று. அடுத்த தெருவில் ஒரு வீட்டாரிடம் கேட்டு, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், மரத்தடியில் நீர் ஊற்றி மஞ்சள் குங்குமம் இட்டபின் ஒடித்தார்கள். ஒரு கிளைக்கு இரண்டு கொத்துக்கு மேல் கூடாது என்பது அம்மையாரின் கட்டளை. நேர்த்திக்கடன் என்ற பெயரில் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போகிறவர்களை அவருக்குப் பிடிக்காது, மரமே அம்மனாயிற்றே. ஆடியில் வேம்பு பழுத்திருக்கும். பழங்களை உதிர்க்காமல் கட்டினால் பிசுபிசுப்பும் எறும்புமாகப் படாதபாடு பட வேண்டும். பேரன் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டு, கூலியாகத் தனக்கும் ஒரு வேப்பிலை அரைக்கச்சை கேட்டு வாங்கிக்கொண்டான். ஒடித்ததை நெகிழிப் பையில் அடைத்தால் வெந்து கறுத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி முற்றத்தில் வைத்து, விடியுமுன் எழுந்து கட்டினார்கள். கயிறு, மஞ்சள், ஊசி, நூல் எல்லாம் சேர்த்துச் செலவு 90 ரூபாய். நைலான் கயிற்றுக்குப் போன 30 ரூபாய் இதில் சேராது என்று மருமகள் கணவனிடம் சொல்லிச் சிரித்தாள்.

பெரியபாளையத்தில் நீராடி, அதை உடுத்தி நின்றபோது, நனைந்த இலையின் கனம் அம்மையாரின் தோளை அழுத்தியது. முதல் சுற்றைத் தனியாகவே நடந்தார். இரண்டாம் சுற்றில் முழங்கால் மடங்கியது. மருமகள் ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் இடுப்புப் பட்டையைப் பற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகு காட்டியபடி உடன் நடந்தாள். "இலையைப் பிடிக்காதே, என்னைப் பிடி" என்றார் அம்மையார். அதன்பின் அவள் பட்டையை விட்டுவிட்டாள். மூன்றாம் சுற்று முடிந்து சந்நிதிக்கு எதிரே வந்தபோது அம்மையார் வேண்டுதலாக எதையும் சொல்லவில்லை. "தீந்துதுடி தாயே" என்று மட்டும் சொன்னார். தோளில் சில ஈர்க்குகள் உதிர்ந்திருந்தன. கீழே 144 கொத்தும் அப்படியே இருந்தன. பேரன் எண்ணிப் பார்த்தான்.

இலைகளை ஆற்றில் விடாமல், அங்கே குவித்திருந்த இடத்தில் அவிழ்த்துப் போட்டார்கள். பட்டை தைத்த மஞ்சள் பாவாடையை மருமகள் உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆடிக்குத் தனக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று எதிர்வீட்டு அம்மாள் இடுப்பளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.