பயனற்ற ஒரு மணற்குழி

கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டறியாதவர்கள் நாங்கள். எனினும் அவ்விளையாட்டின் மைதானங்களை வடிவமைத்தவர்களைப் பற்றிப் படிப்பதில் சில காலமாக ஈடுபாடு ஏற்பட்டிருக்கிறது. அவர்களது தர்க்கங்களில் பாதி மணற்குழிகளைச் சுற்றியே நடக்கிறது. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்வெளிகளில் இயற்கையாகக் கிடந்த பள்ளங்களைப் பின்னாளில் உள்நாட்டு மைதானங்களில் செயற்கையாக வெட்டத் தொடங்கினர். எப்பக்கம் அடிப்பது என்று ஆட்டக்காரரை யோசிக்கவைப்பதே நல்ல குழியின் வேலை.

அந்த வேலையைச் செய்யாத குழிகளும் உண்டு. தேர்ந்தவரின் பந்து அவற்றை அநாயாசமாகத் தாண்டிவிடும். தடுமாறுகிற புதியவர் மட்டும் அகப்பட்டுக்கொள்வார். மழைதோறும் சரிவிலிருந்து மணல் கரைந்து இறங்கும், அதை அள்ளி மேலேற்ற ஆட்கள் வேண்டும். ஆகவே இத்தகைய குழிகளை மூடிவிடுகிறார்கள். மணலை அள்ளி, அடியிலுள்ள வடிகுழாய்களைப் பிடுங்கி, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிப் புல் பதிக்க வேண்டும். சரியாக இறுக்காவிட்டால் சில பருவங்களில் தரை உள்வாங்கிப் பழைய பள்ளம் மீண்டும் முகம் காட்டும்.

மணற்குழியே இல்லாமலும் நல்ல மைதானம் அமையும். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் 1888இல் தோன்றிய ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் சங்கத்தின் மைதானத்தில் ஒரு குழிகூடக் கிடையாது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலை பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்ஸியும் சிக்கனக்காரர்தான். அவர் அங்கே வைத்தவை 22 குழிகள் மட்டுமே.

அவற்றுள் ஒன்றுதான் எங்களை நிறுத்திவைத்தது. இன்றைய பத்தாவது ஆடுதடத்தின் இலக்குப் புல்தரையை ஒட்டி மெக்கன்ஸி பெரியதொரு மணற்குழியை அமைத்திருந்தார். 1934 ஜனவரியில், முதல் போட்டி நடக்கும் முன்பே, அவர் இறந்துபோனார். 1937இல் பெர்ரி மேக்ஸ்வெல் அந்த இலக்கைப் பின்னாலிருந்த மேட்டுக்கு மாற்றினார். குழி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரருக்கு இன்று அதனால் அநேகமாக எந்த இடையூறும் இல்லை. ஆனாலும் அதை மூடவில்லை. மெக்கன்ஸியின் பெயராலேயே அழைத்து வருகிறார்கள்.

இதைப் படித்த நாட்களில் மறைந்த நண்பர் ஒருவரின் நாவல் கைப்பிரதியைப் பதிப்பிப்பதற்காகச் சீர்செய்துகொண்டிருந்தோம். முதல் வரைவில் தாயின் மரணம் மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. அதற்கு முன்னறிவிப்பாகக் கொல்லைக் கிணற்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். பிறகு மரணத்தைப் பதினோராம் அத்தியாயத்துக்கு நகர்த்திவிட்டார். கிணறு நகரவில்லை. இப்போது அது எதையும் முன்னறிவிக்காமல் கதையின் நடுவே கிடக்கிறது.

எங்களில் இருவர் நீக்கிவிடலாம் என்றனர். வாசகர் அங்கே வீணாக இடறுவார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. நாவலின் மிகச் சிறந்த உரைநடை அதுதான் என்றார் மூன்றாமவர். அதுவும் மெய்யே. நன்றாக எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு பகுதி நிலைத்துவிட முடியாது என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம்.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. கிணற்றை எடுத்தால் முன்னும் பின்னும் உள்ள பத்திகள் ஒட்டவில்லை. இடையே நான்கைந்து வாக்கியங்களேனும் புதிதாக எழுதியாக வேண்டும். குழியை மூட வெளியிலிருந்து மண் கொண்டுவருவது போலத்தான். அந்த வாக்கியங்கள் எங்களுடையவையாக இருக்கும், நூலின் அட்டையிலோ அவர் பெயர் இருக்கும். அவர் உயிரோடிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் விஷயம். ஒருவேளை அவரே சிரித்துக்கொண்டு வெட்டியிருப்பார்.

கிணற்றை விட்டுவிட்டோம். அடிக்குறிப்பும் சேர்க்கவில்லை. வாசகர் எவரேனும் இது இங்கே எதற்கு என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை என்பதை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.