எட்டுக்கால் ஜீவன்களைத் தேடி...

சர்வே கேம்ப் போய் வந்த நண்பர்களுக்கு வெயிலில் அலைவது என்றால் என்னவென்று தெரியும். சிலந்தி பிடிக்கப் போவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். சாமான்கள்தான் வேறு: பழைய குடை, சின்னச் சின்ன பாட்டில்கள், 70 சதவீத ஆல்கஹால் (வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!), ஒரு பென்சில்.

விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கும் எங்கள் தெரு அண்ணன் பிராஜெக்டுக்காகப் பென்னாகரம் காட்டுக்குக் கிளம்பியபோது, பை தூக்க என்னைக் கூப்பிட்டார். கையில் வனத்துறை அனுமதிக் கடிதம். அது இல்லாமல் காப்புக்காட்டில் எதையும் எடுக்கக் கூடாது.

குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து, மேலே கிளையைத் தடியால் தட்டினால் இலை, எறும்பு, சிலந்தி எல்லாம் பொலபொலவென்று விழும். வளர்ந்த சிலந்தியை மட்டும் எடுப்போம். இனம் பிரிக்க உதவும் உறுப்புகள் குஞ்சுகளில் முழுசாக வளர்ந்திருக்காதாம். அவற்றை விட்டுவிடுவோம். பாட்டிலுக்குள் போடும் லேபிளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

"ஏண்ணா, கொல்லாம போட்டோ எடுத்தாப் போதாதா?" என்றேன்.

"நிறைய இனத்துக்கு மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் பேரு தெரியும். பேரே இல்லாதது அழிஞ்சு போச்சுன்னா யாருகிட்டப் போய்ச் சொல்லுவ?"

பிறகு ஒரு கதை சொன்னார். ஆந்திராவில் கூட்டி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்திக்கு 1899-ல் போக்காக் என்ற ஆங்கிலேயர் பெயர் வைத்தார். அது ரயிலில் ஏற்றிய மரத்தோடு வந்திருக்கலாம். மறுபடி கண்ணில் பட்டது 2001-ல், அதுவும் நந்தியால், கித்தலூர் பக்கத்துக் காட்டில்! எங்கே கிடைத்தது என்பது மட்டும் போதாது, அது எங்கே வாழ்கிறது என்றும் தெரிய வேண்டும். அதனால் எங்கள் லேபிளில் ஊர், தேதியோடு எந்த மரம், எவ்வளவு உயரம் என்பதும் உண்டு.

முள்மரத்தில் அழுக்குத் துணி சுற்றியது போல ஒரு கூடு. உள்ளே ஏகப்பட்ட சிலந்திகள்! கூட்டுக்குடும்பமாக வாழ்ந்து, சேர்ந்து இரை பிடிப்பவை. குஞ்சுகள் கடைசியில் தாயையே தின்றுவிடுமாம். சாயங்காலம் வீட்டில் களி தின்றுகொண்டே இதைச் சொன்னேன். அம்மா, "அதுக்கென்ன, இன்னொரு உருண்டை வச்சுக்கோ" என்றார். எனக்குத்தான் இறங்கவில்லை.

ராத்திரி தர்மபுரி ராமாக்காள் ஏரிக்கரை. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் புல்லில் பச்சைப் பொட்டுகள் மின்னும். எல்லாம் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் ஜாதி. முதலில் கிடைத்ததன் முதுகு முழுக்கக் குஞ்சுகள். நான் லேபிளில் ஊர், தேதி வரை எழுதிவிட்டேன். அண்ணன் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். "போகட்டும். குஞ்சு இல்லாததாப் பாப்போம்."

அப்படி ஒன்று கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. கொசுக்கடி வேறு! பிடித்தது நான். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரையே எழுதச் சொன்னார். பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, இனிஷியலோடு எழுதினேன்.